அப்பா தலைக்கு மேல் சிவப்புக் கோடு

புக்கிட் தாமார் தோட்டம், சுங்காய்
3.6.2025

மாதுமை,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுசாகப் படி. உன்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சத்தம் போடாமல் வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, இப்போது நிலமே போகிறது, வீடமைப்புக்காரர்களிடம். தொழிலாளர் லயத்து வீடுகளில் இருக்கும் அத்தனை குடும்பமும் ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் கதவிலும் ஒன்று. அப்பா அதைக் கிழிக்கவில்லை. அதன் மேலேயே காலண்டரை மாட்டிவிட்டார்.

என் தம்பி ரூபன் கல்யாண விருந்தில் உன் மாமா பேசியது உனக்கு நினைவிருக்கும். அப்போது அவர்தான், சதாசிவம் ஐயாதான், இங்கே மேனேஜர். மைக்கைப் பிடித்து, தோட்டத்தை விற்றாலும் லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டு மனை உண்டு, அவரவர் பெயரில் கெரான் பட்டா போட்டுக் கொடுத்த பிறகுதான் விற்பனை என்றார். மண்டபமே கை தட்டியது. இப்போது கம்பெனி, அப்படி யாரும் சொல்லவில்லை என்கிறது. அவர்களுக்கு ஆலோசகராகப் போய் உட்கார்ந்திருக்கும் உன் மாமாவும் அதையேதான் சொல்கிறார்.

யாரோ போனில் பிடித்த துண்டு ஒன்று இருக்கிறது. முக்கால் நிமிடம்கூட வராது, பாதியில் ஆரம்பித்துப் பாதியில் முடியும். கம்பெனி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் ஏஐ-ல யாரு கொரல வேணும்னாலும் செய்யலாம் லா" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜூலை பத்தாம் தேதி அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை. அதற்குள் அந்தப் பேச்சு வெட்டாமல் ஒட்டாமல், கேமராவில் விழுந்தபடியே எனக்கு வேண்டும்.

நாம் சேர்ந்து நடத்திய கல்யாணப் பட ஸ்டூடியோவை மூடியபோது கம்ப்யூட்டர் எனக்கு, டிஸ்க்குகள் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். எடிட்டிங் லைப்ரரி கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, எல்லாப் படமும் அதற்குள் இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன். போன வாரம் திறந்தால் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. 'ரூபன் - தாலி', 'ரூபன் - விருந்து', 'ரூபன் - பேச்சுகள்'. எதைத் தட்டினாலும் சிவப்புத் திரைதான் வருகிறது, கோப்பைக் காணவில்லை என்று.

டிஸ்க்கை அனுப்பு. உன்னிடம் கெஞ்சவில்லை. அது எங்கள் வீட்டுக் கல்யாணம்.

கலாதேவி

*

ஈப்போ
9.6.2025

அன்புள்ள கலாக்கா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

டிஸ்க்கை அனுப்ப மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அதற்கு வேறு பிரதி கிடையாது. போதாததற்கு டிஸ்க்கும் இப்போது உள்ளே ஏதோ தட்டுகிற மாதிரி சத்தம் போடுகிறது. தபால்காரர் ஒரு தடவை தூக்கிப் போட்டால் ரூபன் கல்யாணம் மட்டுமில்லை, நாம் எடுத்த பாதிக் கல்யாணங்கள் போய்விடும்.

லைப்ரரியைப் பற்றி அன்றே சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கிற நிலையில் இல்லை. லைப்ரரிக்குள் படம் இருக்காது, அக்கா. எந்தப் படம் எந்த டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரம்தான் இருக்கும். இடம் மிச்சமாகட்டும் என்று முதல் நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருந்தேன். உங்களிடம் வாசல் பலகைகள் இருக்கின்றன, வீடுகள் என்னிடம் இருக்கின்றன. ஆளுக்குப் பாதி என்று நினைத்துப் பிரித்துக்கொண்டோம், இரண்டு பேரிடமும் உருப்படியாக ஒன்றும் இல்லை.

நானே தேடி எடுத்துத் தரலாமே என்பீர்கள். முயன்றேன். உங்கள் கேமரா ஒவ்வொரு கார்டிலும் ஒன்றாம் எண்ணிலிருந்து பெயர் வைக்கும். பேட்டரியைக் கழற்றினால் அதன் தேதி 2015 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் சரிசெய்யச் சொன்னேன். "நாம மணி பாக்கவா வந்தோம், தாலி கட்டுறத பாக்க வந்தோம்" என்பீர்கள். இப்போது என் டிஸ்க்கில் தாப்பா கல்யாணம், பாகான் செராய் கல்யாணம், ரூபன் கல்யாணம் எல்லாம் ஒரே நாளில் நடந்திருக்கின்றன. ஒரு நாள் முழுக்கத் திறந்து பார்த்ததில் யார் யாருடைய நலுங்கோதான் வந்தது.

எந்தக் கோப்பு யாருடையது என்று உங்கள் லைப்ரரிக்குத்தான் தெரியும். படம் இல்லாததால் அது சின்னது, ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். பிரதி எடுத்து அனுப்புங்கள். நான் டிஸ்க்கோடு சேர்த்துத் திறந்து, அந்தப் பேச்சை எடுத்துத் தருகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமா போன வாரம் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே, "பழைய கலியாணப் படமெல்லாம் இன்னும் வச்சிருக்கிறியா பிள்ளை? சும்மா இடத்தைத்தானே அடைக்கும்" என்று கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன்.

மாதுமை

*

புக்கிட் தாமார்
14.6.2025

மாதுமை,

உன் மாமா தேநீர் குடிக்க வந்த கதையை நீயே சொன்னாய். நல்லது. ஆனால் அதைப் படித்த பிறகு லைப்ரரியை எடுத்து உன் கையில் கொடுக்க நான் என்ன பைத்தியமா?

உனக்கு எந்தக் கோப்பு என்று தெரியாத வரைக்கும் அந்தப் படம் பத்திரமாக இருக்கிறது. தெரிந்த மறு நிமிடம் உன் மாமாவுக்குத் தெரியும். அப்புறம் ஒரு விசையை அழுத்தினால் முடிந்தது கதை. டிஸ்க் கெட்டுப்போச்சு அக்கா, தட்டுகிற சத்தம் வந்தது என்று சொன்னேனே என்று கடிதம் வரும்.

நான் அப்படிச் செய்வேனா என்று கேட்காதே. நான் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு படம் செய்யலாம் என்று, நாம் பிரிந்த அன்றைக்கு ஸ்டூடியோவில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ரூபன் கல்யாண விருந்தில் அப்பா ஒரு இடத்திலும் இல்லை. என்னடா இது, நான்தானே எடுத்தேன் என்று யோசித்து, மறைத்து வைத்ததையும் காட்டு என்று போட்டேன். வந்தார். தலைக்கு மேல் சிவப்புக் கோட்டோடு வந்தார். வேண்டாத படம் என்று நீ ரிஜெக்ட் போட்டிருந்தாய். விருந்துப் பேச்சு முழுக்கவும் ரிஜெக்ட், அப்பா முகம் முழுக்கவும் ரிஜெக்ட். அந்த ஈப்போ டாக்டர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டதைக்கூட நீ பிடித்தது என்று குறி போட்டு வைத்திருந்தாய்.

நான் கேட்டபோது என்ன சொன்னாய்? "அது எடிட்டர் வேலை, அக்கா." அவ்வளவுதான். அந்தக் கடைப் படியை இனிமேல் மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மிதிக்கவில்லை.

ரூபன், "மாதுமை அப்படிப்பட்டவங்க இல்லக்கா" என்கிறான். அவன் யாரைத்தான் கெட்டவர் என்று சொல்லியிருக்கிறான்.

டிஸ்க்கை அனுப்பு.

கலாதேவி

*

புக்கிட் தாமார்
20.6.2025

மாதுமை,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்று தெரியும்.

நேற்று மண்டபத்தில் கூட்டம். லயத்தில் இருக்கும் பாப்பா அக்கா எழுந்து நின்று, "கலா, படம் கெடச்சுதா இல்லயா? நா வீட்ட வேற எங்கயாச்சும் தேடணுமா, சொல்லிருலா" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே நின்றுகொண்டு, நானும் மாதுமையும் பேசிக்கொள்வதில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. என் ரோஷத்தின் மேல் பாப்பா அக்கா அடுப்பு வைக்க முடியாது.

இந்தக் கடிதத்தோடு ரூபன் ஒரு பென்டிரைவ் தருவான். லைப்ரரி அதில் இருக்கிறது. ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். 'பேச்சுகள்' பகுதியில் நீ கோடு போட்டு வைத்த அந்தக் கிளிப்பை வெளியே எடுத்து, 'அப்பா' என்று தனிப் பகுதி போட்டு அதில் வைத்திருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை. அதைத் திறந்தால் நேராகக் கிடைக்கும்.

உன்னை நம்பி அனுப்பவில்லை. வேறு வழி இல்லாமல் அனுப்புகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியும்.

கலாதேவி

*

ஈப்போ
26.6.2025

அன்புள்ள கலாக்கா,

கிடைத்துவிட்டது. அழியவில்லை, அழிக்கவும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விடுங்கள்.

முதலில் எனக்கும் உங்களைப் போல எல்லாம் சிவப்பாகத்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நாம் பிரிந்த பிறகு அந்த டிஸ்க்கின் பெயரை மாற்றியிருந்தேன். 'கலாமாது' என்று இருந்ததை அழித்துவிட்டு 'பழசு' என்று போட்டிருந்தேன். லைப்ரரி 'கலாமாது'வைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பழைய பெயரைத் திரும்ப வைத்தேன். சிவப்புத் திரைகள் போய், ஒவ்வொன்றாக முகங்கள் வந்தன. தாப்பா மாப்பிள்ளை, பாகான் செராய்ப் பெண், ரூபன், எல்லாரும். அழுகை வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

'அப்பா' பகுதியைத் திறந்தேன். பேச்சு முழுசாக இருக்கிறது, மைக்கிலிருந்து நேராக எடுத்த சத்தம், ஒவ்வொரு சொல்லும் தெளிவு. மாமா சொல்கிறார்: "இந்த லயத்தில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனை, அவரவர் பேரில் கெரான். நான் என்ர பாட்டுக்குச் சொல்லேல்லை, கம்பெனி சொல்லித்தான் சொல்லுறன்." உங்கள் அப்பா கீழேயிருந்து, "எழுதிக் குடுப்பீங்களா ஐயா?" என்கிறார். மாமா சிரிக்கிறார். "ஊருக்கு முன்னால மைக்கில சொல்லுறன், பிச்சைமுத்து. இதை விட எழுத்து என்னத்துக்கு?"

இனி கெட்ட செய்தி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். மாமா அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது படத்தில் மாமா இல்லை. பேச்சு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே நீங்கள் கேமராவை மேடையிலிருந்து திருப்பி, உங்கள் அப்பா முகத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். கை தட்டி முடிகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறது. மனை, கெரான், கம்பெனி எல்லாம் சத்தம் மட்டும்தான். மாமாவின் உதடு ஒரு சொல்லுக்குக்கூட அசைந்து தெரியவில்லை. போன் துண்டையே ஏஐ என்ற வக்கீல் இதை என்ன சொல்வார்?

அதனால்தான் அன்றைக்கு ரிஜெக்ட் போட்டேன், அக்கா. உங்கள் அப்பாவுக்காகப் போடவில்லை. பேசுகிறவர் ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். கல்யாணப் படத்தில் அதை வைக்க முடியாது. நீங்கள் கேட்டபோது அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். உங்கள் ஷாட் கெட்டுப்போச்சு என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடிட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்தேன். அது இப்படி வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

எப்படியும் இந்தக் கிளிப்பைத் தனியாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் இது மட்டும் போதாது.

மாதுமை

*

புக்கிட் தாமார்
30.6.2025

மாதுமை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். கோபம் வந்தது, உன் மேல் இல்லை. அதனால் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அரை வருஷம் ஒருத்தியைத் திட்டித் தீர்த்த பிறகு, கேமராவைத் திருப்பியது நான்தான் என்றால் எப்படி இருக்கும் சொல்லு.

ஏன் திருப்பினேன் என்று நினைவிருக்கிறது. சதாசிவம் ஐயா, மனை என்று ஆரம்பித்ததும் அப்பா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். வாய் திறந்திருந்தது. அவர் இந்த மண்ணில் பிறந்தவர், இத்தனை வருஷத்தில் ஒரு அடி மண் அவர் பெயரில் கிடையாது. அந்த முகத்தை விட்டுவிட்டு மைக்கைப் பிடித்திருக்கிற ஆளையா எடுக்கச் சொல்கிறாய்? நல்ல ஷாட் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். மறுபடி அதே இடத்தில் நின்றால் மறுபடியும் திருப்புவேன். அதையும் எழுதி வைத்துக்கொள்.

சரி, அழுது என்ன ஆகப்போகிறது. வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு இரண்டாவது கேமராவுக்குச் சொல்லியிருந்த ஆள் வரவில்லை. "நா நிக்கிறேன்கா" என்று நீதான் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாய். லைப்ரரியை மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டேன், அந்தக் கேமராவின் படம் ஒன்றுகூட இல்லை. பெயரும் இல்லை. அதை எங்கே வைத்தாய்? அழித்துவிட்டாயா?

பத்தாம் தேதிக்கு அதிக நாள் இல்லை. ரூபனிடம் சொல்லி அனுப்பு. நீ எப்படியாவது தேடு. நான் இங்கே ஆட்களைக் கலைந்து போகாமல் பிடித்து வைத்திருக்கிறேன்.

கலா

*

ஈப்போ
5.7.2025

அன்புள்ள கலாக்கா,

இரண்டாவது கேமராவைப் பற்றி நீங்கள் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொல்கிறேன், திட்டாதீர்கள்.

அன்றைக்குக் கேமராவை மேடையைப் பார்த்து நிறுத்தி, பட்டனை அழுத்திவிட்டு, நான் பந்திக்குப் போய்விட்டேன். ஆட்டுக்கறிப் பிரட்டல் தீர்ந்துவிடும் என்று உங்கள் சித்திதான் இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பேச்செல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தேன், ஒரே கூரைக் காற்றாடிச் சத்தம். இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று லைப்ரரியில் சேர்க்கவே இல்லை. டிஸ்க்கின் ஒரு மூலையில், பெயரில்லாத கோப்புறைக்குள் கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஆள் இல்லாத கேமரா, அக்கா. அசையவில்லை, யார் முகத்தையும் தேடவில்லை. மாமா மேடை ஏறுவதிலிருந்து இறங்குவது வரைக்கும் அப்படியே நிற்கிறது. முகம் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் உதடு தெரிகிறது, கை அசைவு தெரிகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்த ஒரு பொதுச் சத்தம் வேண்டும். பேச்சுக்கு நடுவில் யாரோ சில்வர் தட்டு அடுக்கைக் கீழே போட்டிருக்கிறார்கள். மாமா திடுக்கிட்டுத் திரும்புவது என் கேமராவில். உங்கள் அப்பா திடுக்கிட்டுத் திரும்புவது உங்கள் கேமராவில். அந்தச் சத்தத்தில் இரண்டையும் சேர்த்தேன். உங்கள் சத்தம், என் படம். மனை என்று கேட்கும்போது மாமாவின் உதடு மனை என்கிறது. கெரான் என்னும்போது கெரான் என்கிறது. ஒரு இடத்தில்கூட வெட்டு இல்லை. ஏஐ வந்து இரண்டு மூலையிலிருந்து தட்டு விழுவதையுமா செய்யும்?

அதை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். உங்களிடம் கேட்காமல் போனதற்குக் கோபம் வரும். பிரதிகளைப் பத்திரப்படுத்தி, ஒன்றை ரூபனிடம் கொடுத்த பிறகுதான் போனேன். அவருக்குத் தெரியாமல் செய்தால் முதுகில் குத்துகிற மாதிரி. எனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா இடத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். முழுசாகப் பார்த்தார். "நான் பொய் சொல்லேல்லை பிள்ளை," என்றார். "அண்டைக்குக் கம்பெனி சொல்லச் சொன்னது, சொன்னன். இண்டைக்கு மறக்கச் சொல்லுது, மறந்தன்." நான் எழுந்து வந்துவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறார்.

இந்த முறை லைப்ரரியைச் சரியாகக் கட்டியிருக்கிறேன். ரூபன் கல்யாணத்தின் எல்லா மூலப் படங்களையும் லைப்ரரிக்குள்ளேயே இழுத்து வைத்துவிட்டேன், இரண்டாவது கேமராவையும் சேர்த்து. புது டிஸ்க், ஒரே டிஸ்க். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பெயரும் படமும் சேர்ந்தே வரும். சிவப்புத் திரை வராது. நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

மாதுமை

*

புக்கிட் தாமார்
11.7.2025

மாதுமை,

நீ மாமா வீட்டுக்குப் போனதற்கு முதலில் நன்றாகத் திட்டினேன், சத்தமாக, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி. அப்புறம் உன் அம்மா மூடி வைத்த சாப்பாட்டைப் பற்றிப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி, எல்லாரும் புவான் என்றுதான் கூப்பிட்டோம், நல்லவர், பொறுமையாகக் கேட்டார். சின்னக் கூட்ட அறை, சுவரில் திரை. உன் டிஸ்க்கைச் செருகினேன். ஒரு திரை சிவப்பாக வந்தாலும் செத்தோம் என்று நினைத்தேன். வரவில்லை. ஓடியது. பாப்பா அக்கா, "தோ பாரு, ஐயா வாயி" என்று எழுந்தேவிட்டார். உட்கார வைக்க வேண்டியிருந்தது. உன் மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அப்பா திரையைப் பார்க்கவே இல்லை, உன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் இந்த முறை சிரிக்கவில்லை. வேறு வழியைப் பிடித்தார். "முதல் கேமராவ இந்த அம்மா எடுத்தது, சரி. இவங்க இந்தத் தோட்டத்து ஆளு. ரெண்டாவது கேமரா யாரு எடுத்தது? அவங்க எங்க? இது அதே நாள் எடுத்ததுன்னு யாரு சொல்றது?" என்றார். சொன்னது போதாதென்று, கோப்பில் 2015 என்று இருக்கிறதே, கல்யாணம் 2022-ல் தானே என்றும் கேட்டார். என் மூஞ்சி போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். மணி பார்க்கவா வந்தோம் என்று அங்கே சொல்ல முடியுமா?

புவான் எங்கள் பக்கம்தான் சாய்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதாம். இரண்டாவது கேமராவுக்குரியவர் நேரில் வந்து, நான் எடுத்தது, இன்ன நாளில் எடுத்தது, இதில் எதையும் மாற்றவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த அமர்வு ஜூலை 31, காலை. அதுவரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் உன் மாமா இருப்பார். நீ இந்தப் பக்கம் உட்கார வேண்டும். வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வராதே என்று சொல்ல இந்த லயத்தில் இருப்பவர்கள் விட மாட்டார்கள். நீயே முடிவு செய்.

கலா

*

ஈப்போ
15.7.2025

கலாக்கா,

வருகிறேன்.

தேதிக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. என் கேமராவின் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது, அந்தக் கோப்பில் கல்யாணத் தேதி இருக்கிறது. உங்கள் கேமராவில் விழுந்த தட்டும் என் கேமராவில் விழுந்த தட்டும் ஒரே தட்டு. ஒன்றின் தேதி நிலைத்தால் மற்றதும் நிலைத்தது. ஆள் இல்லாத கேமராவா என்று வக்கீல் கேட்டால், ஆமாம், நான் ஆட்டுக்கறி சாப்பிடப் போயிருந்தேன் என்று சொல்வேன். எனக்கு வெட்கம் இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அவர் உன்ர மாமா" என்றார். தெரியும் அம்மா, அதனால்தான் நான் போக வேண்டியிருக்கிறது என்றேன். வேறு யாராவது சொன்னால் அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று அவர் சொல்லிவிடலாம். என் முகத்தைப் பார்த்து அவரால் அதைச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அக்கா. ஆனாலும் வருகிறேன்.

சுங்காய் பஸ் நிறுத்தத்தில் ரூபனை வரச் சொல்லுங்கள்.

மாதுமை

*

புக்கிட் தாமார்
2.8.2025

என் மாதுமை,

வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டேன். நீ அனுப்பி வைத்த பழைய செய்தி எல்லாம் அதில் வராதாம், ரூபன் சொன்னான். என்ன எழுதியிருந்தாயோ. இதை அதில் எழுதலாம்தான், நேற்று முன்தினம் நேரிலேயே சொல்லியும் இருக்கலாம். நீ பஸ் ஏறும் வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

பாப்பா அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், "அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணு, மாமன் முன்னாடியே நின்னு சொல்லிச்சுலா" என்று. நீ ஆட்டுக்கறியைச் சொன்னதும் புவான் சிரித்ததையும் சேர்த்து நடித்துக் காட்டுகிறார். கம்பெனி எழுத்தில் கொடுத்த தாளை நேற்று புவானிடமிருந்து வாங்கி வந்தோம். மனை அளந்து, அவரவர் பெயரில் கெரான் பதிகிற வரைக்கும் ஒரு குடும்பமும் நகர வேண்டியதில்லை. அளக்கிறவர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். அப்பா கதவிலிருந்து காலண்டரை எடுத்துவிட்டு நோட்டீஸைக் கிழித்தார். அதே ஆணியில் இந்தத் தாளின் நகலை மாட்டியிருக்கிறார். "எழுதிக் குடுத்துட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறார்.

எனக்கு ஒரு குறை இருக்கிறது. புவான் உன் மாமாவைப் பார்த்து, இது உங்கள் குரலா என்று கேட்டாரே, அந்த நேரம். அறையில் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினாரா, யாரைப் பார்த்து, "ஓம், என்ர குரல்தான்" என்றார், எனக்கு எதுவும் தெரியாது. எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கேமரா இருந்திருந்தால் அந்த ஷாட்டும் கெட்டுத்தான் போயிருக்கும்.

அந்த டிஸ்க்கைப் பத்திரமாக வை. பெயரை மாற்றாதே.

கலாக்கா